மாலேயில் எனக்கொரு அண்ணன்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் கொழும்பில் பத்திரிகைத் தொழில் எனக்கு இல்லாமற் போயிற்று. ஒன்றரை ஆண்டுகள் ஊரில் சும்மா இருந்தேன். நண்பரொருவர் மூலம் மாலைதீவின் தலைநகர் மாலேயில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. அக்காலத்தில் அந்நாட்டின் மேல்வகுப்புப் பிள்ளைகள் லண்டன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். அதற்குப் படிப்பிக்க இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றுகொண்டிருந்தனர். 1985இல் நானும் அவர்களில் ஒருவனானேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் முழுவதையும் நடந்து சுற்றிவிடக்கூடிய ஊர் அப்போதைய மாலே. பவளக் கல்லால் கட்டிய மதில்கள், வெண்மணல் ஒழுங்கைகள், எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் அதன் முடிவில் கடல். யாழ்ப்பாணத்தானுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் நான்கு பக்கமும் கடலாக இருப்பது முதல் சில மாதங்கள் மூச்சு முட்டுவது போலிருந்தது.

அந்த மூச்சுமுட்டலைப் போக்கியவர் எங்கள் பாடசாலையின் திவெஹி மொழி ஆசிரியர். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். வாசிகசாலையில் ஒருநாள் நான் திவெஹிப் பத்திரிகையொன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தார். பத்திரிகைக்காரனுக்கு எழுத்துத் தெரியாமல் இருப்பது அவமானம் என்று சொல்லி, அன்று மாலையே படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். 'தானா' என்னும் அவ்வெழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களான ஒன்றிலிருந்து ஒன்பது வரையானவற்றின் வடிவிலிருந்து பிறந்தவை. மொழியோ சிங்களத்துக்கு உறவு. அவர் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டியபோது எனக்குத் தெரிந்த சிங்களம் கைகொடுத்தது. மீனுக்கு அவர்கள் மொழியில் 'மஸ்' என்று பெயர். எங்கள் வீடுகளில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசி அங்கிருந்து வந்த சொல் என்பர். அதை நான் சொன்னபோது, "அப்படியானால் உங்கள் அம்மாவின் குசினிக்குள் நாங்கள் எப்போதோ வந்துவிட்டோம்" என்றார்.

அவரை நான் 'பேபே' என்று அழைத்தேன். திவெஹியில் அண்ணன் என்று பொருள். அவர் என்னைக் கடைசிவரை 'சேர்' என்றே அழைத்தார்.

பேபே மாலேயைச் சேர்ந்தவரல்லர். தெற்குக் கோடியிலுள்ள அட்டூ தீவுக்கூட்டத்தில் பிறந்தவர். அங்கே கான் தீவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் 1976 வரை இருந்தது. அவருடைய தந்தையார் அத்தளத்தில் வேலை செய்தவர். 1959இல் தெற்கிலுள்ள மூன்று தீவுக்கூட்டங்கள் மாலேயின் ஆட்சியை ஏற்க மறுத்து, 'சுவாதீவ்' என்ற பெயரில் தனி அரசை அறிவித்தன. 1963இல் அது முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும் நெடுநாள் தெற்கத்தியார் மாலேயில் ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். அவர்களுடைய பேச்சும் மாலேப் பேச்சிலிருந்து மிகவும் வேறுபட்டது. "வாயைத் திறந்தாலே நான் எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்துவிடும். ஆகவே முதல் வருடம் வாயைத் திறக்கவேயில்லை" என்றார் ஒருநாள். கொழும்பில் பஸ்ஸில் தமிழ் பேசாமல் இருக்கப் பழகியிருந்த எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

1988 நவம்பர் 3, வியாழக்கிழமை. விடியுமுன் வெடிச்சத்தம் கேட்டு எழுந்தேன். முதலில் பட்டாசு என்றே எண்ணினேன். சிறிது நேரத்தில் என் யன்னலுக்கு வெளியே ஒழுங்கையில் ஆட்கள் ஓடினார்கள். ஒருவன் மற்றவனைப் பார்த்து, "அங்காலை போகாதை, இஞ்சாலை வா" என்று கத்தினான். அந்த ஊரில் என் காதில் விழுந்த மிகச் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் அதுதான். கட்டிலின் கீழ் இறங்கிப் படுத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்பதைப் பலரும் அறிவர். மாலைதீவு வர்த்தகர் ஒருவரின் ஏற்பாட்டில், இலங்கைத் தமிழ் இயக்கமொன்றைச் சேர்ந்த சுமார் 80 பேர் படகுகளில் வந்து இறங்கி, ஜனாதிபதி அப்துல் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள். அன்றிரவே இந்தியப் பரசூட் படையினர் விமானத்தில் வந்து ஹுலுலே தீவில் இறங்க, விடிவதற்குள் முயற்சி முறியடிக்கப்பட்டது. தப்பியோடியவர்கள் பணயக் கைதிகளோடு சென்ற கப்பலை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மடக்கியது. மாலைதீவுப் பாதுகாப்புப் படையினரும் பொதுமக்களும் அந்தச் சம்பவத்தில் உயிரிழந்தார்கள்.

அன்று காலை ஒன்பது மணியளவில் வெடிச்சத்தம் சற்று ஓய்ந்தபோது பேபே மதிலோரமாக வந்து என் கதவைத் தட்டினார். மூடிய கிண்ணமொன்றில் மஸ் ஹுனியும் ரொட்டியும். எதுவும் கேட்கவில்லை. முன்வாசற்படியில் அமர்ந்துகொண்டார். நண்பகலில் அயலிலுள்ள இளைஞர் நால்வர் வந்தார்கள். வந்தவர்கள் தமிழர்கள் என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. என்னைப் பார்த்து, எந்த நாடு என்றார்கள்.

"கொழும்பு."

"சிங்களவரா?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றுதான் ஆட்டினேன். பேபே எழுந்து, திவெஹியில் அவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் தமிழரைத் தேடி வந்தவர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தேன். இப்போது தமிழர் துப்பாக்கியோடு வந்ததால் ஒளிந்தேன். ஆனால் முதல் தடவை என் வாயால் நான் பொய் சொல்லவில்லை. அதுவே என்னை அரித்தது. மாலையில் பேபேயிடம், "நான் வெட்கப்படுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எதற்காக என்பதை அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். "அவர்களை அழைத்து வந்தவர் எங்கள் நாட்டவர். வெட்கப்படுவதானால் முதலில் நான் அல்லவா வெட்கப்பட வேண்டும்?" என்றார்.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. எங்கள் ஆசிரியர் அறையில் என்னோடு தினமும் தேநீர் குடித்த இளம் விஞ்ஞான ஆசிரியரின் உறவினர் ஒருவர் பாதுகாப்புப் படையில் இருந்து அன்று காயமடைந்தார். அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போவார். அவரில் எனக்குக் குறையில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் என் மேசையில் தேநீர்க் கோப்பை ஒன்று இருந்தது. அவர் வைத்ததுதான். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அன்றைய பரீட்சை வினாத்தாளைப் பற்றியே கதைத்தோம்.

1990இல் நாடு திரும்பினேன். முதலிரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதினேன். பின்னர் யுத்தம், வேலை, பிள்ளைகள் என்று காரணங்கள் கிடைத்தன. பேபேயின் கடிதங்களுக்குப் பதில் போடாமல் விட்டது நான்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அவருடைய நாட்டையும் என்னுடைய நாட்டையும் ஒரே காலையில் தாக்கியது. நான் அவரை நினைப்பதற்கு முன்னரே, மறுநாள் கொழும்பில் என் தொலைபேசி ஒலித்தது. எனது இலக்கத்தை யாரிடம் தேடி எடுத்தாரோ தெரியாது. "சேர், உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?" பன்னிரண்டு வருட மௌனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதன் பின் மாதம் ஒருமுறையாவது பேசிக்கொண்டோம். அந்தத் தலையாட்டலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நேரில் சொல்லலாம் என்று ஒத்திவைப்பேன். அவர் காலமான செய்தியை எனக்கு அறிவித்தவர் அந்த விஞ்ஞான ஆசிரியர்.

2019இல் மாலேக்குப் போனேன். விமான நிலையத்திலிருந்து இப்போது தோணி வேண்டியதில்லை. முந்திய ஆண்டு திறந்த பாலம் இருக்கிறது. விஞ்ஞான ஆசிரியர் தலை நரைத்து, என்னை அழைத்துச் செல்ல வாடகைக் காரோடு வந்திருந்தார். பாலத்தில் ஏறும்போது, இளைஞரான சாரதி என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

"இலங்கை. தமிழன்" என்றேன். தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டேன் போலும். விஞ்ஞான ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாரதி, கொழும்பில் இப்போது மாசி கிலோ என்ன விலை என்று கேட்டார்.