விரலும் வழியும்

கடமை தவறாத எழுதுவினைஞர் ஒருவரின் நாள் முழுவதும் வீணாய்ப் போவதுண்டு. அவர் சோம்பியிருந்தமையால் அன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையே வேண்டாத வேலையாய் இருந்தமையால். அலுவலகத்திற் கணினியைப் புகுத்த முனைவோர் முதலில் எண்ணவேண்டியது இதனையே.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் மோட்டார்க் கம்பனியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். பொருள் வழங்கியோருக்குப் பணம் செலுத்தும் அதன் வட அமெரிக்கப் பிரிவில் 500இற்கு மேற்பட்டோர் பணியாற்றினர். கொள்வனவுப் பகுதியிலிருந்து கட்டளையின் பிரதி வரும். பண்டசாலையிலிருந்து பெறுகைச் சீட்டு வரும். வழங்குநரிடமிருந்து விலைப்பட்டியல் வரும். இம்மூன்றையும் மேசைமீது பரப்பி, 14 விபரங்கள் தம்முள் ஒத்துள்ளனவா என்று பார்ப்பதே எழுதுவினைஞரின் பணி. ஒத்திருந்தாற் பணம் செல்லும். ஒவ்வாவிடின் காரணம் தேடவேண்டும். அவர்தம் பொழுதின் பெரும்பகுதி இத்தேடலிலேயே கழிந்தது.

கணினியின் துணைகொண்டு ஆட்தொகையை 400 ஆகக் குறைக்கலாம் என முகாமையாளர் கணக்கிட்டு மகிழ்ந்தனர். பின்னர், தம் கம்பனி பங்கு கொண்டிருந்த ஜப்பானிய மஸ்டா நிறுவனத்தை நோக்கினர். அங்கு இவ்வேலையைச் செய்தோர் ஐவரே! மஸ்டா சிறிய நிறுவனந்தான். ஆயினும் அச்சிறுமை ஒன்றே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகாது. 'சீட்டுக்களை விரைவாக ஒப்பிடுவது எவ்வாறு?' என்ற வினா, 'அவற்றை ஏன் ஒப்பிடவேண்டும்?' என்று மாறிற்று. விலைப்பட்டியல் ஒழிக்கப்பட்டது. கட்டளை தரவுத்தளத்திற் பதியப்பட்டது. வந்த பொருள் பெறுமிடத்திலேயே சரிபார்க்கப்பட்டது. ஒத்ததற்குக் கணினி காசோலை எழுதியது, ஒவ்வாதது திருப்பி அனுப்பப்பட்டது. 14 விபரங்கள் மூன்றாயின. ஆட்தொகை முக்காற்பங்கு குறைந்தது. மைக்கல் ஹமர் 1990இல் 'ஹாவார்ட் பிஸ்னஸ் றிவியூ' இதழில் எழுதிய கட்டுரையால் இச்செய்தி பரவலாயிற்று.

இன்றைய அலுவலகங்களின்முன் இருவகைக் கருவிகள் உள்ளன. ஒன்று றோபோத் தன்னியக்கம். அது எழுதுவினைஞரின் விரலைப் பின்பற்றுவது. அவர் திறக்கும் திரையைத் திறந்து, அவர் பதியும் எண்ணைப் பதியும். கிழமைக் கணக்கிற் பயன் தரலாம். ஆயின் திரையில் ஒரு கட்டம் இடம் மாறினாலும் தடுமாறும். மற்றையது செயல்முறை முகாமைத்துவம். அது வேலை செல்லும் வழியை வரைந்து, யாரிடம் தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று காட்டுவது. பல பகுதியினரும் உடன்பட்டாலன்றி அது நிலைபெறாது. காலமும் பொறுமையும் வேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்பது பொருளற்ற வினா. மாற்றவியலாத பழைய மென்பொருளோ பிறர்க்குரிய திரையோ குறுக்கிடும்போது, விரலைப் பின்பற்றும் கருவியே தக்கது. வழியே கோணலாயிருக்கும்போது அக்கருவியைப் பூட்டுவது, கோணலை விரைவுபடுத்தி நிலைபெறச் செய்வதாகும். அன்றைய ஃபோர்ட் அலுவலகத்தில் இத்தகைய றோபோ இருந்திருப்பின், மூன்று சீட்டுக்களும் இன்னும் விரைவாக ஒப்பிடப்பட்டிருக்கும். ஏன் என்ற வினா எழாமலே போயிருக்கும்.

முக்காற்பங்கு என்னும் எண், நீங்கிய இருக்கைகளைச் சொல்கிறது. அவற்றில் அமர்ந்திருந்தோரைச் சொல்லவில்லை. சீட்டு எங்கே தேங்குகிறது என்பதை நாள்தோறும் கண்டவர் அவர்களே. கருவியை வாங்குமுன் அவர்களை வினவும் அலுவலகம் தெரிவிற் பிழைப்பது அரிது. வினவியபின் அவர்களைக் கைவிடாதிருப்பது, எந்தக் கருவியாலும் ஆகாத முகாமையாளரின் கடமை.