முதலில் லென்ஸைப் பாருங்கள்

பழைய சிடி பிளேயர் படுத்துவிட்டது, இனி எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் அநேகமாக டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டாக் சிப்பைப் பற்றியே பேசுவார்கள். நான் கேட்பது வேறு: உள்ளே என்ன லென்ஸ், அதாவது லேசரோடு சேர்ந்து தட்டைப் படிக்கும் பகுதி? அது நாளைக்குப் போய்விட்டால் கடையில் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஒலியைப் பற்றிப் பேச்சு. டாக் பிடிக்காவிட்டால் டிஜிட்டல் அவுட்டிலிருந்து ஒரு கேபிள் இழுத்து வெளியே வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். லென்ஸுக்கு அப்படி மாற்று வழி கிடையாது.

அது செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே 1.6 மைக்ரான்தான் இடைவெளி. உள்விளிம்பில் நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்புக்கு வரும்போது 200 சுற்று என்று வேகம் குறைந்துகொண்டே வரும். தட்டு லேசாக வளைந்திருந்தால் அதன் ஏற்ற இறக்கத்தோடு லென்ஸும் ஏறி இறங்கியாக வேண்டும். ஆம்பும் ஸ்பீக்கரும் பல வருஷம் அசையாமல் உட்கார்ந்து உழைக்கும். தேய்மானம் முழுக்கச் சிடி பிளேயருக்குத்தான்.

1980களில் பிலிப்ஸ் செய்த சிடிஎம்-1 என்ற மெக்கானிசத்தை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு அதன் மேல் பிரியம் வராமல் போகாது. வார்ப்பு உலோகச் சட்டம், கிராமபோன் கைபோல வட்டவில்லில் நகரும் லென்ஸ், பல்சக்கரமே கிடையாது. இன்றும் ஓடுகிறவை இருக்கின்றன. ஆனாலும் தினம் பாட்டுக் கேட்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. புது உதிரி கிடையாது. இன்னொரு செட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சோனியின் கேஎஸ்எஸ்-213, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் லென்ஸ்கள் இரண்டும் பார்க்கப் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் பல கம்பெனி செட்டுகளில் இவைதான் உட்கார்ந்திருக்கின்றன. அதனாலேயே உதிரியும் கிடைக்கிறது. என் கணக்கில் உழைப்பு என்பது இதுதான்: போனால் மாற்ற முடிய வேண்டும்.

செகண்ட்ஹேண்ட் செட் பார்க்கப் போகிறவர்கள் 75 நிமிஷத்துக்கு மேல் ஓடும் கச்சேரி சிடி ஒன்றைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. வர்ணமும் முதல் கிருதியும் எந்தச் செட்டிலும் ஓடிவிடும். தில்லானாவும் மங்களமும் வெளிவிளிம்பில் இருக்கின்றன. தட்டின் ஆட்டம் அங்கேதான் அதிகம். சோர்ந்த லென்ஸ் அங்கேதான் திக்கும். முதல் டிராக்கிலிருந்து கடைசிக்கு ஒரே தாவலாகத் தாவச் சொல்லுங்கள். தயங்காமல் போய்ப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, செட் சூடேறியதும் இதையே திரும்பச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திக்குகிற இடத்தைக் கவனித்தால் நோயும் தெரிந்துவிடும். ஒரு சிடியில் மட்டும், அதே இடத்தில் என்றால் கீறல். எந்தச் சிடியைப் போட்டாலும் ஏறக்குறைய அதே நிமிஷத்தில் என்றால் லென்ஸை நகர்த்தும் பல்சக்கரத்தில் அழுக்கு, அல்லது கிரீஸ் இறுகிவிட்டது. துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டினால் உடனே லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். பாட்டுப் பட்டியல் உள்விளிம்பில் இருக்கிறது. அங்கே முழு வேகம் வேண்டும். சுற்றும் மோட்டார் தளர்ந்திருந்தாலும் இதே அடையாளம்தான். டிரே திறக்காமல் முனகினால் பெல்ட் தளர்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

மூடியைத் திறக்கவிட்டால் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரீசெட் திருகைப் பாருங்கள். சில மெக்கானிக்குகள் லேசரின் கரண்டை அதில் ஏற்றிவிட்டு ‘ரெடி’ என்று கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும்; லேசரின் ஆயுளைத் தின்றுதான் அப்படி ஓடுகிறது. திருகில் ஸ்குரூடிரைவர் பட்ட தடம் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஜப்பானிலிருந்து வந்த செட் என்றால் பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும்; ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்றால் மரான்ட்ஸ் சிடி6007, யமஹா சிடி-எஸ்303 போன்ற ஒற்றைத் தட்டு டிரே மாடல்கள் போதும். சேஞ்சர் வேண்டாம், வாயில் இழுத்துக்கொள்ளும் ஸ்லாட் வகையும் வேண்டாம். எதை வாங்கினாலும் ஆம்பின் தலையில் வைக்காதீர்கள், அந்தச் சூடு லேசருக்கு ஆகாது.

செகண்ட்ஹேண்ட் செட் என்றால் அதோடு ஒரு லென்ஸும் வாங்கி வைத்துவிடச் சொல்வேன். பழையதன் முழு எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். எஸ்எஃப்-பி101என்னில் 15 பின், 16 பின் என்று இரண்டு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. போலிகளும் நிறைய, பழகிய கடையில் வாங்குவது நல்லது. சோனி லென்ஸின் சின்ன போர்டில் மிளகைவிடச் சிறியதாக ஒரு ஈயப் பொட்டு இருக்கும். கைபட்டு வரும் ஸ்டாட்டிக் லேசரைக் கொன்றுவிடாமல் இரு முனைகளையும் இணைத்து வைத்திருப்பது அதுதான். மாற்றுகிற அன்று ரிப்பன் கேபிளைச் சொருகிய பிறகே அதை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்காமல் மூடிவிட்டால் புது லென்ஸும் ‘நோ டிஸ்க்’ என்றுதான் காட்டும்.