தாத்தாவின் ஜனதா

வாட்ச் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான். போன சீசனுக்குக் குற்றாலத்தில் ரோலெக்ஸ் என்று எழுதியிருந்த ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி, வடகரை முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு சாரல்தான், கண்ணாடிக்குள் தண்ணீர்! அசல் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் 1926-லேயே தண்ணீர் புகாத பெட்டியோடு வந்தது என்று பிறகுதான் படித்தேன்.

இன்னொன்றும் படித்தேன். ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கும் ஆட்டோமேடிக் வாட்ச் நாளுக்கு 6 விநாடி முந்தலாம், 4 விநாடி பிந்தலாம். சாதாரண பாட்டரி வாட்ச் பொதுவாக மாசத்துக்கே அரை நிமிஷத்துக்குள்தான் தவறும். அப்போ லட்சங்கள் கொடுப்பது நேரம் பார்க்க இல்லை, வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும். நான் கொடுத்ததோ பொய்ப் பெயருக்கு.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தன் ஹெச்.எம்.டி. ஜனதாவைக் கழற்றிக் கொடுத்தார். தினமும் காலையில் சாவி கொடுக்கணும். அந்தக் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. வாட்ச் இன்னும் ஓடுகிறது.

அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ. மற்றவர்கள் கையில் என்னென்னவோ மின்னும். நான் ஜனதாவைத்தான் கட்டப்போகிறேன். யாராவது கேட்டால் கூச்சப்படாமல் பதில் சொல்லலாம், இல்லையா?