கைக்கு அடக்கமா ஒண்ணு கொடுங்க!

தலைப்பைப் பார்த்துட்டு பாத்திரக்கடை சமாச்சாரம்னு வந்தவங்க மன்னிக்கவும். இது துப்பாக்கி சமாச்சாரம்.

ஹூஸ்டன்ல என் பெரியம்மா பொண்ணு, அதாவது அக்கா, பார்மசிஸ்ட். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வருஷக் கணக்காச்சு. வாரத்துல 3 நாள் ராத்திரி 10 மணிக்கு மருந்துக்கடையை மூடிட்டு, பின்கதவு வழியா தனியா காருக்கு நடக்கணும். சீட்டு இல்லாம வலி மாத்திரை கேட்டு, அக்கா முடியாதுன்னு சொன்ன ஒரு ஆள், அதுக்கப்புறம் 2 தடவை அவ கார் பக்கத்துல வந்து நின்னிருக்கான். போலீஸ்ல சொன்னா, எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதான். "துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்டா, கூட வா"ன்னு ஒரு நாள் போன். அத்தான் ஊர்ல இல்ல.

நான் போனது வெறும் கணக்குப்பிள்ளையாதான். எச்1பி விசாவுல இருக்கறவன் துப்பாக்கி வெச்சிருக்கறது இங்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, நமக்கு அதெல்லாம் கிடையாது. பொட்டி தட்டறவனுக்கு எக்செல் ஷீட் போதாதா?

முதல்ல போன கடையில (பேர் வேண்டாம்) கவுண்டர்ல இருந்தவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கல. நேரா ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து வெச்சார். ரூகர் எல்சிபி. மொத்த எடையே சுமார் 265 கிராம். "லேடீஸுக்கு இதுதான். கைக்கு அடக்கமா, ஹேண்ட்பேக்ல கிடக்கும்"னார். அக்காவுக்கும் பார்த்தவுடனே பிடிச்சுப் போச்சு.

எனக்கு மட்டும் பதினோராம் வகுப்பு இயற்பியல் உறுத்துச்சு. குண்டு முன்னாடி போகற அதே உந்தத்தோட துப்பாக்கி பின்னாடி வரும். அதே .380 தோட்டா, துப்பாக்கி எடை மட்டும் பாதின்னா, பின்னாடி வர்ற வேகம் இரண்டு மடங்கு. உதைக்கிற ஆற்றலைக் கணக்குப் போட்டா அதுவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போ சின்னத் துப்பாக்கி சின்ன கைக்கு சுலபம்னு சொல்றது தலைகீழ் பாடம் இல்லையா? எப்பவும் கூடவே வெச்சுக்க அது வசதி, சுட வசதி இல்ல. பல வருஷம் சுட்டுப் பழகினவங்க அதை சமாளிப்பாங்க. புதுசா வர்றவங்க முதல் வாரமே பயந்து அலமாரியில போட்டுடுவாங்க.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி, வாடகைக்கு துப்பாக்கி கொடுக்கற ஒரு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். பயிற்சி கொடுத்தவங்க ஒரு பெண்மணி. முதல் அரை மணி நேரம் தோட்டாவே இல்லாம பாதுகாப்பு விதி மட்டும்தான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கற மாதிரியே நடத்தணும், சுடக்கூடாத எதுக்கும் நேரா நீட்டக்கூடாது, குறி பார்க்கற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே இருக்கணும், குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

எல்சிபி: அக்காவோட சுண்டு விரலுக்குப் பிடியில இடமே இல்ல. 4 குண்டுல கட்டை விரல் இடுக்கு சிவந்து போச்சு. "போதும்"னுட்டா.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 ரிவால்வர்: 5 தோட்டா. ஸ்லைடு இழுக்கற வேலையே இல்லைன்னு நிறைய பேர் பெண்களுக்கு சிபாரிசு பண்ணுவாங்க. ஆனா விசையை இழுக்க 5 கிலோவுக்கு மேல பலம் வேணும். இழுக்க இழுக்க குழல் ஆடுது, குறி தப்புது.

கிளாக் 19: 15 தோட்டா, காலியாவே 600 கிராமுக்கு மேல. கடைக்காரர் இதை அக்கா பக்கமே காட்டியிருக்க மாட்டார். ஆனா எல்லா ஓட்டையும் ஒரே இடத்துல விழுந்தது இதுலதான்! ஆனா ஒல்லியான உடம்புல ஒளிச்சு வெக்கிறது கஷ்டம்.

கடைசியா ஸ்மித் அண்டு வெஸ்ஸன் .380 ஷீல்டு ஈஸி. 2018ல வந்தது. 8 தோட்டா, சுமார் 525 கிராம். ஸ்லைடு இழுக்க லேசு, உதை கம்மி, பிடியை அழுத்திப் பிடிச்சாதான் சுடும். இதே ரகத்துல 9 எம்எம்மும் உண்டு, அது இதை விட பலமான தோட்டா. ஆனா நல்லா குறி பார்த்துச் சுட முடிஞ்ச .380, பயந்து பயந்து சுடற 9 எம்எம்மை விட மேல்னாங்க பயிற்சியாளர். ஸ்லைடு இழுக்கறதுல கூட பலத்தை விட முறைதான் முக்கியமாம். துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்துல வெச்சு, இடது கையால ஸ்லைடை இறுகப் பிடிச்சு, வலது கையால துப்பாக்கியை முன்னாடி தள்ளணும். அக்கா ரெண்டாவது தடவையே பண்ணிட்டா. அதையே தேர்ந்தெடுத்தா.

அடுத்த கேள்வி, எங்கே வெக்கறது? ஹோல்ஸ்டர் செய்யறவங்க எல்லாரும் தடிமனான பெல்ட்டை நம்பித்தான் செய்யறாங்க போல. சுடிதாருக்கு ஏது பெல்ட்? சரி ஹேண்ட்பேக்தான்னு அக்கா ஆரம்பிச்சப்போ பயிற்சியாளர் ஒரு சம்பவம் சொன்னாங்க. 2014 டிசம்பர்ல ஐடஹோ மாநிலம் ஹேடன்ல, கடைக்குப் போன ஒரு தாயோட கைப்பையிலிருந்து 2 வயசுப் பையன் துப்பாக்கியை எடுத்துட்டான். அது வெடிச்சு தாய் அங்கேயே இறந்துட்டாங்க. துப்பாக்கி வெக்கறதுக்குன்னே செஞ்ச பை அது. அக்காவுக்கும் 4 வயசுல ஒரு வாண்டு இருக்கான். அதோட ஹேண்ட்பேக் பேச்சு முடிஞ்சுது. வயித்தைச் சுத்திக் கட்டற பட்டை, விசையை முழுசா மூடற கெட்டியான உறை, வீட்டுல சுவரோட போல்ட் போட்ட பெட்டி. மூணும் துப்பாக்கியோட சேர்ந்தேதான் வாங்கணும்னு பட்ஜெட் போட்டோம்.

டெக்சஸ்ல 2021 செப்டம்பர் 1லேர்ந்து, 21 வயசாகி சட்டத் தடை எதுவும் இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வெச்சுக்கலாம். அக்கா ஒத்துக்கல. "ஸ்கூட்டர் ஓட்டவே எட்டு போட்டுக் காட்டினவடா நான்"னு வகுப்புக்குப் போயி, 50 குண்டு சுட்டுக் காட்டி, லைசென்ஸ் வாங்கினா.

இதுக்கப்புறம்தான் எங்க எக்செல்ல இல்லாத ஒரு வரி வந்துச்சு. அவ வேலை செய்யற இடத்துல ஊழியர்கள் உள்ளே துப்பாக்கி கொண்டு வரக்கூடாது. பூட்டின கார்ல வெச்சுக்கறதை பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாதுன்னு 2011லேர்ந்து டெக்சஸ்ல சட்டம் இருக்கு. ஆக, துப்பாக்கி கார்ல இருக்கும். அக்கா பயந்ததோ கதவுலேர்ந்து கார் வரைக்கும் இருக்கற அந்த 40 அடிக்குத்தான்! அந்த 40 அடியும் வெறுங்கை.

அக்கா அன்னிக்கு ராத்திரியே மேலாளருக்கு மெயில் தட்டினா. 3 மெயிலுக்கு அப்புறம் பின்பக்கம் ரெண்டு விளக்கு போட்டாங்க, மூடும்போது ரெண்டு பேர் சேர்ந்துதான் வெளியே வரணும்னு விதி வந்துச்சு. அந்த ஆள் அதுக்கப்புறம் கண்ணுல படல. எது காரணம்னு எனக்குச் சொல்லத் தெரியல, விளக்கா கூட இருக்கலாம்.

துப்பாக்கி வேஸ்ட்டுன்னு நான் சொல்ல வரல. வீட்டுக்குத் திரும்பற அந்த அரை மணி நேரம் இப்போ நிம்மதியா ஓட்டறேங்கறா. 2 வாரத்துக்கு ஒரு தடவை போய் 50 குண்டு சுட்டுட்டு வர்றா. ஆனா யாராவது "பொம்பளைக்கு எந்தத் துப்பாக்கிங்க நல்லது?"ன்னு கேட்டா, அந்தக் கேள்வியையே மாத்தச் சொல்லுங்க. இந்தக் கைக்கு எது, இந்த வீட்டுக்கு எது, எந்த 40 அடிக்கு?

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடா"ன்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கா. பெரியம்மா வாட்ஸப்போட நிறுத்திக்குவாங்கங்கற தைரியத்துல எழுதிட்டேன். யாரும் ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, புண்ணியமாப் போகும்.