கட்டங்களை விட்டு

சித்திரக் கதை வரைந்துகொண்டிருந்தவன் நாவலுக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் இலக்கிய நண்பர்கள் முகத்தில் ஒரு திருப்தி தோன்றுகிறது. பையன் ஒருவழியாகத் தேறிவிட்டான் என்கிற திருப்தி. எனக்கு இதில் உடன்பாடில்லை. கீழான வடிவம் ஒன்றிலிருந்து மேலான வடிவத்துக்கு யாரும் படியேறிப் போவதில்லை. ஒரு விஷயத்தை ஒரு வடிவம் ஏற்க மறுக்கிறது. அப்போது வேறொன்றைத் தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். என்னிடம் மறுத்தது படமல்ல. தலைக்கு மேலே போடுகிற பேச்சுக் குமிழி.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி வந்துவிட்டான். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்தப்பட்டு, மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய உடம்பு மறைந்துபோகிறவன். கதை இங்கிலாந்தினுடையது, வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெஸுஸ் பிளாஸ்கோ. முகத்தில் பாதியைக் கறுப்புக்குள் விட்டுவிடுகிற அவருடைய துணிச்சலைப் பார்த்துத்தான் நான் கோடு பழகினேன். போலீஸ்காரன், திருடன், விஞ்ஞானி எல்லோரும் ஒரே தமிழ் பேசியது அன்றைக்கு உறுத்தவில்லை. ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகு உறுத்தியது.

1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதனால் ஊரின் நாக்கு பிரிந்துவிடவில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கேட்டுக்குள் தமிழ் என்று ஒரே ஆள் ஒரே நாளில் மாறிக்கொள்வது இங்கே அதிசயமில்லை. அத்திப்பள்ளி தாண்டினால் பலகைகள் கன்னடமாகிவிடுகின்றன. எதிர்த்திசையில் கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர் போனால் தமிழ் கெட்டிப்படுகிறது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. அப்புறம் நாலு திசையிலிருந்தும் ஆட்கள். இன்று ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. இந்தக் கூட்டத்தை வரைந்துவிடலாம். எந்தச் சமயத்தில் எதற்காக பாஷை மாறுகிறது என்பதை வரைய முடியாது.

என் வேலை டூல் ரூமில் டிராயிங் போடுவது. பகல் முழுக்கக் கோடு. இரவில் மறுபடியும் கோடு. ஆறு கட்டம் உள்ள ஒரு பக்கத்துக்கு எனக்கு நான்கு இரவுகள் வேண்டும். ஒருவன் பஸ் ஏறினான் என்று காட்ட பஸ்ஸையே வரைய வேண்டும். ஜன்னல், கம்பி, பின்னால் போஸ்டர் ஒட்டிய சுவர், எதுவும் கடன் சொல்ல முடியாது. நாவலில் 'ஏறினான்' போதும். இதை நான் சௌகரியமாகக் கருதியதுண்டு. கம்பெனி பஸ்ஸின் குலுக்கலில் பிரஷ் பிடிக்க முடியாது, வாக்கியம் பிடிக்க முடியும். (மெஷின் டிராயிங்கில் ஒரு விதி உண்டு: ஓர் அளவை ஒரே இடத்தில்தான் தர வேண்டும், இரண்டாம் முறை தந்தால் குழப்பம். நம் நாவலாசிரியர்கள் சிலருக்கு இந்த விதியைச் சிபாரிசு செய்யலாம்.) ஆனால் நேரக் குறைவால் மட்டும் ஒருவன் வடிவம் மாற்றிக்கொள்வதில்லை. ஜி. அரவிந்தன் ரப்பர் போர்டில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1961-லிருந்து 1973 வரை மாத்ருபூமி வார இதழில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' வரைந்தார். அதில் ராமு என்ற இளைஞன் வாரம் வாரமாக மாறிக்கொண்டே போனான். சித்திரக் கதை நாயகர்களுக்கு வயதே ஆவதில்லை; ராமுவுக்கு ஆயிற்று. வேலையில்லாதவனாக ஆரம்பித்தவன் பணமும் சமரசமும் சேர்ந்தவனாக ஆனான். பன்னிரண்டு வருஷ நீளத்தை அரவிந்தன் பத்திரிகையிடமிருந்து பெற்றார் என்று சொல்லலாம். பிறகு அவர் சினிமாவுக்குப் போனார். எனக்கு அப்படி ஒரு பத்திரிகை இருந்ததில்லை. முப்பத்திரண்டு பக்கம், அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

முடியாமல் போன விஷயம் இதுதான். பிரஸ் ஷாப்பில் பேரிகைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பெனியில் ஒன்றை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு செகண்ட் ஷிப்டில் அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அலறியது 'அம்மா'தான், அது மூன்று பாஷைக்கும் பொது. வண்டி வரும் வரைக்கும் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தார். 'ஒகட்டி, ரெண்டு, மூடு.' அத்தனை வருஷமாக அவர் பீஸ் எண்ணிக் கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் தமிழில், கூட்டாளியோடு கன்னடத்தில். தெலுங்கில் அவர் எண்ணி அன்றுதான் கேட்டேன்.

இதை வரைந்து பார்த்தேன். கை வந்தது, துணி வந்தது, பிளாஸ்கோவின் கறுப்பு கூட வந்தது. குமிழிக்குள் 1, 2, 3 என்று போட்டால் இலக்கத்துக்குப் பாஷை கிடையாது. தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால், படிக்கிறவனுக்கு இவர் தெலுங்கர் என்ற செய்திதான் போய்ச் சேருகிறது. ஆஸ்டெரிக்ஸ் கதைகளில் காத் இனத்தவர் பேச்சை காதிக் எழுத்திலும் எகிப்தியர் பேச்சைச் சித்திர எழுத்திலும் போடுவார்கள், பிரமாதமான யுக்தி. தெலுங்கு லிபியின் வளைவுகளைத் தமிழ் எழுத்துக்கு ஏற்றி அதையும் செய்து பார்த்தேன். பார்த்த நண்பர் சிரித்தார். சிரிப்பதற்காகவே உண்டான யுக்தி, அவர்மேல் தவறில்லை.

அந்த எண்ணிக்கைக்கு அதற்கு முந்தைய எண்ணிக்கைகள் வேண்டும். இருநூறு பக்கத்துக்கு ஒருவன் தமிழிலும் கன்னடத்திலும் எண்ணிக்கொண்டே வர வேண்டும். சம்பளத்தை, பீஸை, ராகி மூட்டையை, மகள் கல்யாணத்துக்கு மிச்சமிருக்கிற மாதங்களை. வாசகன் அதைக் கவனிக்கக்கூட வேண்டாம், காதில் விழுந்தால் போதும். அப்புறம்தான் அந்த மூன்று சொற்கள். இதற்கு நாவல் தேவைப்பட்டது. ஏழு வருஷமாக ஆகிறது. ஓசூரிலிருந்தே பா. வெங்கடேசன் 2008-ல் 'தாண்டவராயன் கதை'யைக் கொண்டுவந்தார். அவ்வளவு பருமனான நாவலை இந்த ஊரில் உட்கார்ந்து எழுத முடிந்திருக்கிறது என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

விபத்துக்குப் பிறகு அவரைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். வருகிற லாரிகளைக் குறித்துக்கொள்ளும் வேலை, இடது கையால். ஷிப்டுக்கு ஷிப்ட் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போனோம். இரும்புக்கை மாயாவிக்கு மறைந்துபோக மின்சாரம் வேண்டியிருந்தது.

படத்தை முழுக்க விட்டுவிடவும் இல்லை. பிரஸ் ஷாப்பின் பிளானை வரைந்து மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் எங்கே நிற்கிறான், யாருக்கு யார் குரல் கேட்கும் என்று தெரிய வேண்டும். நாவலுக்குள்ளும் ஒரே ஒரு படம் இருக்கிறது: விபத்து அறிக்கைப் பாரம். ஆங்கிலத்தில் அச்சடித்தது. தேதி, மெஷின் நம்பர், காயத்தின் தன்மை எல்லாம் நிரப்பியிருக்கும். தொழிலாளியின் வாக்குமூலம் என்ற கட்டம் காலி. அதை நானே மையில் வரைந்து கொடுத்திருக்கிறேன், கோடுகள் லேசாக நடுங்கியபடி. பதிப்பாளர் கம்ப்யூட்டரில் சுத்தமாகப் போட்டுவிடலாம் என்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.