அண்ணன் போட்ட தாலாட்டு: மேட்டுப்பாளையத்தில் ஒரு சவுண்ட் கார்டைத் தேடி

"மேட்டுப்பாளையம் போறேன்" என்றால் எல்லோரும் ஊட்டி ரயிலைத்தான் விசாரிக்கிறார்கள். நான் போனது புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக்கு. வழுதாவூர் சாலையில் போகப் போக வீடுகள் குறைந்து தகரக் கூரைகள் ஆரம்பிக்கும். பிப்டிக் தொழிற்பேட்டை, லாரி முனையம், பஞ்சர் கடை, மதியத்துக்குள் காலியாகிவிடும் பிரியாணி அண்டா... கடற்கரைக்கு செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இங்கே வேலையும் இல்லை. எனக்கு இருந்தது.

என் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் 6 கிலோபைட்டில் ஒரே ஒரு கோப்பு.

1997-ல் அண்ணன் எங்கிருந்தோ ஒரு பழைய 486 கம்ப்யூட்டரைப் பிடித்து வந்தான். அம்மா எங்களைத் தூங்க வைக்கப் பாடும் தாலாட்டை, மவுஸால் ஒவ்வொரு ஸ்வரமாக அதில் எடுத்து வைத்தான். பத்து நாள் ஆனது. குழலும் இல்லாத, வீணையும் இல்லாத ஏதோ ஒரு குரலில் அது ஸ்பீக்கரில் வந்தபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

அண்ணன் போய் எட்டு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டர் அதற்கும் முன்பே பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. பிளாப்பி மட்டும் கல்யாண ஆல்பத்துக்குள் கிடந்தது. அதிர்ஷ்டவசமாகக் கோப்பை எடுக்க முடிந்தது. போனில் போட்டுக் காட்டினேன். அம்மா பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டாள். "பாட்டு அதுதான். ஆனா இது அவன் போட்டது இல்ல."

அம்மா சொன்னது சரி. அது மிடி வகைக் கோப்பு. அதற்குள் ஒலியே கிடையாது. எந்த ஸ்வரம், எத்தனை நேரம், எவ்வளவு அழுத்தம், எந்த வாத்தியம் என்ற குறிப்புகள் மட்டும்தான். பாட்டு நோட்டு மாதிரி. நோட்டைப் பார்த்துப் பாட வேண்டியது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டு. போனில் பாடியது வேறு ஆள்.

பழைய கார்டின் குரலை மென்பொருளால் நகலெடுக்கவும் முடியும். அதையும் முயன்றேன். ரொம்ப நெருக்கமாகவே இருந்தது. ஆனாலும் அசலை ஒருமுறை தேடிப் பார்க்காமல் விட மனமில்லை.

அப்படித்தான் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும் (கடைக்காரரைச் சொல்கிறேன், இந்த ஊரில் எல்லோரும் அண்ணன்தான்). சுவர் முழுக்க மதர்போர்டுகள் அடுக்கியிருந்தன. எச்.சி.எல்., ஏசர், லெனோவோ என்று பெரிய நிறுவனங்கள் கம்ப்யூட்டர் ஆலை நடத்திய பிரதேசம் இது. பழைய கம்ப்யூட்டருக்கு இங்கே பஞ்சம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

"எங்க தம்பி இருக்கு? எல்லாம் கிலோ கணக்குல போயிடுச்சு. ஓரத்துல தங்க முலாம் பூசின பல்லு இருக்குல்ல, அதை வெட்டி எடுத்துடுவாங்க. பல்லு போனா கார்டு செத்துச்சு" என்றபடி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வெட்டுப்படாமல் தப்பிய கார்டுகள் நான்கைந்து இருந்தன. ஒன்றில் யமஹா முத்திரையோடு ஒரு கருப்பு சிப். எனக்குக் கை நடுங்கியது.

இந்த சிப் பாடும் விதம் வேடிக்கையானது. வீணைக்காரர் கம்பியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கிறார் அல்லவா? அந்த அசைவு விநாடிக்கு ஐந்தாறு முறை. அதையே விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அசைத்தால்? காதுக்கு அசைவு தெரியாது. புதிதாக ஒரு நாதம்தான் கேட்கும். மணியாகவோ, வெண்கலத் தட்டாகவோ, நாகஸ்வரத்தின் தூரத்து உறவாகவோ. 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்ற இசைக்காரர், கம்ப்யூட்டரில் ஸ்வரத்தை அளவுக்கு மீறி அசைத்துப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தார். பெயர் எஃப்.எம். முறை. யமஹா உரிமம் வாங்கியது. 1983-ல் டி.எக்ஸ்.7 கீபோர்டு வந்தது. அதே முறையைச் சின்ன சிப்பில் அடக்கியதும் 1987-ல் கனடாவின் ஆட்லிப் கார்டு, 1989-ல் சிங்கப்பூர் கிரியேட்டிவின் சவுண்ட் பிளாஸ்டர் என்று வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பாட ஆரம்பித்தன. அந்த முதல் கார்டுகளில் எஃப்.எம். குரல்கள் ஒன்பதுதான்.

"கம்ப்யூட்டர் மியூசிக்னாலே எங்களுக்கு 'புன்னகை மன்னன்'தான்" என்றார் அண்ணன், சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டே. 1986. பாலசந்தர் படம், இளையராஜா இசை. கம்ப்யூட்டரில் போட்ட இசையாம் என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜாவிடம் அந்தக் காலத்தில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப். 1992-ல் 'ரோஜா' வந்தபோது அவர் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான். நாம் பேசுவது சினிமாவை மட்டும்தான். அதற்கு வெகு முன்பே, 1969-ல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் இருந்தது. அமெரிக்கர் டேவிட் டியூடர் அமைத்துக் கொடுத்தது. கீதா சாராபாயும் மற்றவர்களும் அங்கே பதிவு செய்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் யாரும் சீண்டாமல் கிடந்து, சமீபத்தில்தான் இசைக்கலைஞர் பால் பர்காஸ் முயற்சியால் வெளியே வந்தன. இதைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "நாடா பூஞ்சை பிடிக்கலையா?" அவர் கவலை அவருக்கு.

கார்டை இந்தக் காலக் கம்ப்யூட்டரில் செருக முடியாது. அந்தக் கருப்பு நீளப் பள்ளம் இப்போதைய மதர்போர்டில் கிடையாது. அண்ணன் பரணிலிருந்து ஒரு 486 போர்டை இறக்கினார். கடிகார பேட்டரி கசிந்து பக்கத்துக் கம்பித் தடங்களைப் பச்சையாக அரித்திருந்தது. கடல் காற்று மிச்ச வேலையைப் பார்த்திருந்தது. பேட்டரியை வெட்டியெடுத்து, பல் துலக்கும் பிரஷில் வினிகர் தொட்டுத் தேய்த்து, பிறகு ஐ.பி.ஏ. திரவத்தால் கழுவினார். அறுந்த இரண்டு தடங்களுக்கு மேல் தலைமுடி மாதிரி கம்பி. கார்டில் உப்பியிருந்த மூன்று கெப்பாசிட்டர்களை மாற்றினார். தங்கப் பற்களைத் துடைக்கப் பள்ளிக்கூட ரப்பர்தான். ஹார்டு டிஸ்குக்குப் பதில் பழைய கேமரா மெமரி கார்டு. முகவரி 220, ஐ.ஆர்.க்யூ 5 என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டபோது, அண்ணன் (என் அண்ணன்) ராத்திரி ராத்திரி அதே எண்களோடு மல்லாடியது ஞாபகம் வந்தது.

நான்கு தடவை போய் வந்தேன். மூன்றாவது முறை கார்டு உறுமியதே தவிரப் பாடவில்லை. வெறும் ஒரு கெப்பாசிட்டர் திருப்பிப் போட்டிருந்தது. "வயசாயிடுச்சு தம்பி" என்று சிரித்தார்.

நான்காவது முறை அம்மாவையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, எதிர்க்கடையில் டீ சொன்னார். வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் பீப் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து என்டர் தட்டினேன்.

முதலில் இரைச்சல். அப்புறம் அந்தக் குரல். குழலும் இல்லாமல், வீணையும் இல்லாமல்.

அம்மா டீ கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். யாரும் பேசவில்லை. கடைக்கார அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவன்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வேகம் ஜாஸ்தி. குழந்தை எப்படித் தூங்கும்? அப்பவே சொன்னேன், கேக்கல" என்றாள்.

வேகம் 96 என்று இருந்தது. 72-க்குக் குறைத்து மறுபடி போட்டேன்.