காசு கிடந்த இடம்

கரூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

  உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபத்தில் பதில் போடாமல் இருந்தேன் என்று நினைக்காதே. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அக்கா அடுத்த மாதம் இங்கிலாந்துக்கு வரும்போது அந்த வெள்ளிக் காசை அவள் பெட்டியில் வைத்து அனுப்பச் சொன்னாயே, அது நடக்காது.

உனக்குக் கொடுக்க மனசில்லாமல் இல்லை, கண்ணு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று 1972ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. முழங்கால் வலியோடு முதல்முறை விமானம் ஏறப்போகிற உங்கம்மாவைச் சுங்க அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாமா? ரெண்டாயிரம் வருஷக் காசாயிற்றே என்று நீயாவது யோசித்திருக்க வேண்டாமா?

அந்தக் காசை நீ இன்னும் மறக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு பக்கம் ரோமானியப் பேரரசன் அகஸ்டஸ் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் நடுவில் இருக்க, இரண்டு பையன்கள் நிற்பார்கள். கையஸ், லூசியஸ். மகள் வயிற்றுப் பேரன்களைத் தனக்குப் பிறகு ஆளட்டும் என்று தத்தெடுத்து, காசிலும் அடித்து வைத்தான் அந்தக் கிழவன். லூசியஸ் கி.பி. 2இல் போனான், கையஸ் கி.பி. 4இல். ஒருவனும் ஆளவில்லை. இதை உனக்குச் சொன்ன அன்று, பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடக்கூட வராமல் உட்கார்ந்திருந்தாய்.

அதே வகைக் காசைப் பற்றி உனக்குச் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1987இல் ஜெர்மனியில் பணியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர், அந்த வட்டாரத் தொல்லியலாளரிடம் சொல்லிவிட்டு, கால்கிரீஸ் என்ற இடத்தில் மெட்டல் டிடெக்டரோடு தேடினார். வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றில் நம் கையஸ், லூசியஸ் காசும் உண்டு. ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று அவர் குறித்துக்கொண்டே போனார். பிறகு கவணில் வைத்து எறிகிற ஈயக் குண்டுகள் மூன்று அகப்பட்டன. வியாபாரி கையில் ஈயக் குண்டு எதற்கு? அங்கே படை வந்திருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. தோண்டத் தோண்டக் காசுகள் வந்தன; கி.பி. 9க்குப் பிந்தைய காசு ஒன்றுகூட இல்லை. வாருஸ் என்ற ரோமானியத் தளபதி மூன்று லீஜியன் படைகளைக் காட்டில் பறிகொடுத்தது அந்த வருஷம்தான். அந்தப் போர் எங்கே நடந்தது என்று நூற்றாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான அறிஞர்கள் இன்று கைகாட்டுவது கால்கிரீஸைத்தான்.

அவர் அந்தக் காசுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல். அழகான கொஞ்சம் வெள்ளிக் காசு. அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காகுறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. முக்கால்வாசிக்கும் மேலே ராஜா முகத்தில் உளி வெட்டு. ஒற்றைக் காசாக இருந்தால் எவனோ கீறிவிட்டான் என்று விட்டுவிடுவோம். சேர்ந்து கிடைத்ததால்தான், யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். இணையத்தில் ஏலம் எடுத்த ரோமானியப் பட்டாளத்தானின் பெல்ட் பக்கிளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். "தன்யூப் நதிக்கரை" என்று மட்டும் போட்டிருந்தானாமே விற்றவன். அந்த நதி எத்தனை நாடுகளின் வழியாகப் போகிறது! பல்கேரியாவில் ராட்டியாரியா என்றொரு ரோமானிய நகரம் அந்தக் கரையில்தான் இருந்தது. புதையல் தேடுகிறவர்கள் புல்டோசரை விட்டே அதைக் கிளறிப் போட்டுவிட்டார்கள். உன் பக்கிள் அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து வரவில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? அது எங்கே எடுத்தது, யார் கை மாறி வந்தது என்று விற்றவனிடம் எழுத்தில் கேள். அவன் மழுப்பினால் இனி அவனிடம் வாங்காதே. காசு செலவானது எனக்குப் பெரிதில்லை. உன்னைப்போல நாலு பேர் வாங்குவதால்தானே அங்கே இன்னும் தோண்டுகிறார்கள்.

நீ மெட்டல் டிடெக்டர் வாங்கியதைக் குறை சொல்லமாட்டேன். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கால் வைக்காதே. புதையல் என்று தோன்றினால் பதினாலு நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். 2010இல் அங்கே ஃப்ரோம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒருவர் டிடெக்டர் சத்தம் கேட்டுத் தோண்டினார். பானை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டுத் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். 52,503 காசுகள், மாப்பிள்ளை! அடுக்கடுக்காக எடுத்ததில், பிந்தைய காசுகளில் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே தடவையில் கொட்டியது என்று அதனால் தெரிந்தது. அவரைப்போல இரு.

நான் அப்படி இருக்கவில்லை. அமராவதியில் வெள்ளம் வடிந்ததும் மணல் சலிக்கிறவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் வாங்கி ஒரே தகரப் பெட்டியில் போட்டேன். நாற்பத்து மூன்று காசுகள். அப்போதே கலெக்டர் ஆபீசில் தெரிவித்திருக்க வேண்டும், செய்யவில்லை. ஆற்றின் எந்தத் துறையில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று மணல் சலித்தவர்கள் வாயாலேயே சொல்வார்கள். நான் விலையைத்தான் காதில் வாங்கினேன். இப்போது ராத்திரியில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தூக்கம் போய்விடுகிறது. சொன்ன பெரியவர்கள் யாரும் இன்று இல்லை.

பெட்டியைக் கரூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கத்தையும் சரி என்றுவிட்டாள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை போட்டு, தெரிந்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். அநேகம் உறைகளில் "கரூர், அமராவதி ஆறு" என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உன் காசுக்கு மட்டும் இன்னும் உறை எழுதவில்லை. 1993, உனக்கு ஒன்பது வயசு, பொங்கல் லீவு. அதைக் கொண்டுவந்த பெரியவரிடம் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் போனாய். அவர் கையை நீட்டி ஏதோ ஓர் இடத்தைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்துக்கு மேற்கேயா, கிழக்கேயா? பக்கத்தில் மரம், பாறை ஏதாவது இருந்ததா? நிதானமாக நினைத்துப் பார்த்து, தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பு. அது வரும்வரை பெட்டியைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் அன்பு மாமா